கந்தகம் மணத்த குசினி

உயர்தரம் படிக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள், போட்டோக் கொப்பிக் கடைக்குப் போகாத வாரம் இருக்காது. கடந்தகால வினாத்தாள், புள்ளித்திட்டம், டியூட், சிநேகிதியின் குறிப்பு எல்லாமே அந்தக் கடைக் கண்ணாடியின் மேல் ஒருதரம் குப்புறப் படுத்து எழும்பியவைதான். உலகம் நன்கறிந்த அந்தப் பொறிக்குப் பின்னால் இருந்தவர் செஸ்டர் கார்ல்சன். எடிசனையும் கிரகாம் பெல்லையும் சொல்லும் எங்கள் வகுப்பில் இந்தப் பெயரை நான் சொன்னபோது எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவரை வந்தடைந்தது கொப்பிக் கடை வழியாக அல்ல. வீட்டிலேயே ஒரு மின்சுற்றுப் பலகை செய்யப் போய், தாளில் அச்சான கரும்பொடியை எப்படிச் செம்புக்கு இடம் மாற்றுவது என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய வாழ்க்கை என் கையில் அகப்பட்டது. அந்த வேலையைப் பற்றி உரிய இடத்தில் சொல்கிறேன். முதலில் மனிதர்.

1906 பெப்ரவரி 8இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கார்ல்சன் பிறந்தார். சுவீடனிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழியில் வந்த குடும்பம். தகப்பன் முடி வெட்டும் தொழில் செய்தவர். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே காசநோயும் முதுகெலும்பு மூட்டுவாதமும் அவரைப் படுக்கையில் போட்டுவிட்டன. சூடான இடம் உடம்புக்கு நல்லது என்று ஊர் ஊராக மாறினார்கள். 1910இல் மெக்சிகோவுக்கும் போய்ப் பார்த்தார்கள். அங்கே தாய்க்கு மலேரியா வந்ததுதான் மிச்சம். கடைசியில் கலிபோர்னியாவில் ஒதுங்கினார்கள். எட்டு வயதில் அந்தப் பிள்ளை கூலி வேலைக்குப் போகத் தொடங்கியது. 13 வயதில் பாடசாலை தொடங்குமுன் இரண்டு மூன்று மணித்தியாலம் வேலை, பாடசாலை விட்ட பின் மறுபடியும் வேலை. உயர் வகுப்புக்கு வந்தபோது வீட்டுச் செலவில் பெரும்பகுதி அவர் தலையில்தான்.

இவ்வளவுக்குள்ளும் அவருக்கு ஒரே விஷயத்தில் பைத்தியம்: எழுத்தைத் தாளில் பதிப்பது. பத்து வயதில் கையால் எழுதிய ஒரு பத்திரிகையைச் சிநேகிதர்களிடையே சுற்றவிட்டார். மிகவும் பிடித்த விளையாட்டுப் பொருள் றப்பர் எழுத்து முத்திரைப் பெட்டி. பின்னர் ஓர் அச்சகத்தில் வேலை செய்தார். அவர்கள் கழித்துவிட்டிருந்த பழைய அச்சுப் பொறியைத் தன் உழைப்புக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு, விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கென்று ஒரு சஞ்சிகை அடித்தார். இரண்டு இதழோடு அது நின்றுபோனது. ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து, மை தடவி, அமுக்கி ஒரு பக்கம் எடுப்பதற்குள் முதுகு முறிந்துவிடும் என்பதை அந்த இரண்டு இதழும் அவருக்குப் படிப்பித்தன. இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் குழுவில் இருக்கும் சகோதரிகளுக்கு இதைச் சொன்னால் விளங்கும்.

அவருக்கு 17 வயதாக இருக்கும்போது தாயும் காசநோயில் மௌத்தானார். வாசித்துக்கொண்டு போனபோது இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கும் இப்போது 17. காலை ஐந்து மணிக்கு எழும்பினால் உம்மா தேநீர் ஊற்றி வைத்திருப்பார். அது கிடைக்காத ஒரு காலையை நினைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை. அவரோ நோயாளித் தகப்பனைக் கவனித்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு படித்தார்.

ரிவர்சைட் கனிஷ்ட கல்லூரியில் சில வாரம் வேலை, சில வாரம் படிப்பு என்ற முறையில் கற்று, பிறகு கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்தில் 1930இல் பௌதிகவியல் பட்டம் பெற்றார். கையில் பட்டம், தலையில் கடன், வெளியில் பெரும் பொருளாதார மந்தம். 82 கம்பனிகளுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றிலும் வேலை கிடைக்கவில்லை. ஒருவாறு நியூயோர்க்கில் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் வாரம் 35 டொலருக்கு ஒரு வேலை அகப்பட்டது. ஒரு வருடத்தில் அங்கேயே ஆக்கவுரிமைப் பிரிவுக்கு மாறினார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குச் சட்டம் தரும் உரிமையைப் பதிவு செய்யும் இடம் அது. 1933இல் அந்த வேலையும் போனது. பிறகு மல்லொரி என்ற மின்பொருள் கம்பனியில் சேர்ந்து, நாளடைவில் அதன் ஆக்கவுரிமைப் பகுதிக்குத் தலைவரானார்.

அவருடைய கண்டுபிடிப்பு இந்த மேசையில்தான் முளைத்தது. ஆக்கவுரிமை விண்ணப்பத்துக்குப் பல பிரதிகள் வேண்டும். எழுத்தைக் காபன் தாள் வைத்துத் தட்டச்சு செய்யலாம். வரைபடத்தை என்ன செய்வது? வெளியே அனுப்பிப் படம் பிடித்துத்தான் எடுக்கவேண்டும். காசும் போகும், நாளும் போகும். இதற்கிடையில் இரவு வகுப்பில் சட்டம் படிக்கவும் தொடங்கியிருந்தார். சட்டப் புத்தகம் வாங்கப் பணமில்லை. நியூயோர்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் பார்த்தெழுதினார். தகப்பனைப் பிடித்த மூட்டுவாதம் மகனையும் விடவில்லை. விரல் வலிக்க வலிக்க எழுதினார். மூன்று மணித்தியாலக் கட்டுரை வினாத்தாள் எழுதிவிட்டு வந்து பெருவிரலை நீவிக்கொள்ளும் எங்களுக்கு அந்த வலியில் ஒரு துளி தெரியும்.

பார்த்தெழுதிய அதே நூலகத்திலேயே, வேறு விதமாகப் பிரதி எடுக்க வழி உண்டா என்றும் தேடினார். புகைப்பட இரசாயனத்தை அவர் தொடவில்லை. பெரிய கம்பனிகள் அதில் பெரிய ஆய்வுகூடம் வைத்து நடத்திக்கொண்டிருந்தன, தனி மனிதனுக்கு அங்கே என்ன மிஞ்சியிருக்கும் என்பது அவருடைய கணக்கு. ஒளி பட்டால் மின்கடத்தும் திறன் மாறும் பொருள்கள் சில உண்டு. பால் ஷெலேனி என்ற ஹங்கேரிய பௌதிகவியலாளர் மின்னேற்றிய பரப்பில் பொடியைத் தூவிப் படம் எடுத்திருந்தார். இந்த இரண்டையும் கார்ல்சன் முடிச்சுப் போட்டார். 1937 ஒக்டோபர் 18இல், ஒன்றையும் செய்து காட்டுமுன்னரே, யோசனைக்கு ஆக்கவுரிமை கேட்டு முதல் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டார்.

செய்து பார்க்க இடம்? குயின்ஸ் பகுதியில் அவர் குடியிருந்த சிறிய வீட்டின் குசினிதான். நாகத் தகட்டின் மேல் கந்தகத்தை வைத்து அடுப்பில் உருக்கிப் பரவவிட்டார். கந்தகம் பற்றிக்கொண்டால் கிளம்புவது கந்தகவீரொட்சைட்டு. எங்கள் இரசாயனவியல் ஆசிரியை சொன்னதுபோல, அதை ஒருதரம் மணந்தவர் மறக்கமாட்டார். கட்டடம் முழுக்க அந்த நாற்றம் ஏறியது. 1934இல் அவர் மணந்த எல்சா அந்தக் குசினியில்தான் சமைக்கவும் வேண்டியிருந்தது. கார்ல்சனைப் பற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தை ஒரு வேடிக்கைபோலச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு எல்சாவின் பக்கம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. ஆய்வுகூடம் இல்லாதவனுக்கு ஆய்வுகூடத்தைக் கொடுத்தவர் அவர். வேலையை வீட்டுக்கு வெளியே மாற்றியபோதும், அஸ்டோரியாவில் கிடைத்த அறை அவருடைய தாயாரின் கட்டடத்தில்தான்.

அந்த அறையில் உதவிக்கு ஒருவரை அமர்த்தினார். ஒட்டோ கோர்னெய், ஒஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்து வேலையில்லாமல் இருந்த பௌதிகவியலாளர். 1938 ஒக்டோபர் 22, சனிக்கிழமை. கோர்னெய் ஒரு கண்ணாடி வழுக்கியில் மையால் அன்றைய திகதியையும் அஸ்டோரியா என்ற ஊர்ப் பெயரையும் எழுதினார். கந்தகம் பூசிய நாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார். கண்ணாடியை அதன் மேல் வைத்துப் பிரகாசமான மின்குமிழின் கீழ் சில விநாடி பிடித்தார். இருட்டில் கந்தகம் மின்னைக் கடத்தாது. ஒளி பட்டால் கடத்தும். ஆகவே ஒளி பட்ட இடமெல்லாம் ஏற்றம் வடிந்துபோக, எழுத்தின் நிழலில் மட்டும் அது தங்கியது. கண்ணாடியை எடுத்துவிட்டு லைக்கோபோடியம் என்ற தாவரத்தின் நுண்ணிய வித்திப் பொடியைத் தூவி ஊதினார்கள். மற்றெல்லாம் பறந்தது. எழுத்து நின்றது, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி.

இத்துடன் நின்றிருந்தால் அது ஒரு வேடிக்கை மட்டும்தான். ஊதினால் போய்விடும் பொடியை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? கார்ல்சன் ஒரு மெழுகுத் தாளை அந்தப் பொடியின் மேல் அமுக்கினார். தாளைச் சூடாக்கினார். மெழுகு இளகிப் பொடியைப் பிடித்துக்கொண்டது, ஆறியபின் உறைந்தது. இடம் மாறியதால் எழுத்தும் நேராகிவிட்டது. உலகத்தின் முதல் உலர் பிரதி அந்த மெழுகுத் துண்டு. இருவரும் இன்னும் சில தடவை செய்து பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

இந்த மெழுகுத் தாளில்தான் நான் என் வேலையைக் கண்டேன். நானா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து செம்பு ஒட்டிய பலகை இரண்டு துண்டு வாங்கி வந்திருந்தார். 555 ஒருங்கிணைந்த சுற்று வைத்து ஒளி மின்னும் ஒரு சிறிய சுற்று செய்வது என் எண்ணம். வழி இதுதான். சுற்றின் கோடுகளை இடவலம் மாற்றி லேசர் பிரிண்டரில் எடுக்க வேண்டும். மை பீச்சும் பிரிண்டர் சரிவராது, ஏனென்றால் அந்த மை சூட்டில் உருகாது. லேசர் பிரிண்டரின் டோனர் என்பது கறுப்புச் சாயம் கலந்த பிளாஸ்டிக் பொடி. அச்சான தாளைச் செம்பின் மேல் குப்புற வைத்து, நீராவி இல்லாமல் உடுப்பு அயன் பண்ணும் பெட்டியால் சில நிமிடம் அமுக்கினால் பிளாஸ்டிக் மறுபடி இளகிச் செம்பில் ஒட்டும். தாளை நீக்கிவிட்டுப் பலகையைப் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலில் இட்டால், டோனர் மூடாத செம்பெல்லாம் கரைந்துபோகும். கடைசியில் கியூட்டெக்ஸ் அகற்றும் அசற்றோனால் டோனரைத் துடைத்தால் அடியில் செப்புக் கோடுகள் மின்னும்.

கேட்க எளிது. எந்தத் தாள் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. சாதாரண ஏ4 தாளின் நார்கள் டோனரைக் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. ஊறவைத்து விரலால் உருட்டி உருட்டி நீக்கினாலும் கோடுகளுக்கிடையே பஞ்சுபோல நார் நிற்கும். மெல்லிய கோடு தாளோடு போய்விடும். ஸ்டிக்கர் உரித்தபின் மிஞ்சும் மஞ்சள் தாள் நேர் எதிர். சிலிக்கன் பூசிய அந்த வழுக்கலில் டோனர் நிற்பதேயில்லை. செம்புக்கு அது ஒட்டுமொத்தமாக இறங்கிவிடும்தான். ஆனால் பிரிண்டரை விட்டு வெளியே வரும்போதே பாதிக் கோடு உதிர்ந்துவிடுகிறதே! மேந்தலை எறியியில் பாவித்த தெளிந்த பிளாஸ்டிக் தாள் சூட்டில் சுருங்கி நழுவுகிறது, கோடு இழுபடுகிறது. எனக்குச் சரிவந்தது பழைய சஞ்சிகையின் வழவழப்பான பக்கம். அதன் மேல் ஒரு மெல்லிய களிமண் பூச்சு இருக்கிறது. பிரிண்டரில் அது டோனரைப் பிடிக்கும். தண்ணீரில் ஊறியதும் பூச்சு குழைந்து கைவிடும். பக்கத்தில் ஏற்கெனவே அச்சான படம் செம்புக்கு வருமோ என்று பயப்படத் தேவையில்லை, அந்த மை உருகாத மை.

செய்து பார்க்க விரும்பும் தங்கைமாருக்கு இரண்டு வார்த்தை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் செம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவி, பிறகு விரல் படாமல் பிடியுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் டோனர் ஒட்டாது. அயன் பெட்டிக்கும் தாளுக்கும் நடுவே வேறொரு வெள்ளைத் தாள் வையுங்கள், அதே பெட்டியால்தான் அடுத்த நாள் காலையில் பாடசாலைச் சட்டையையும் பர்தாவையும் அயன் பண்ணவேண்டும். பெரிக்குக் குளோரைட்டைப் பிளாஸ்டிக் தட்டில் மட்டும், கையுறையோடு. துணியில் பட்ட கறை போகாது. பாவித்து முடிந்ததில் செம்பு கரைந்திருப்பதால் குசினித் தொட்டியிலோ கானிலோ ஊற்றக்கூடாது.

நல்ல தாளுக்கு வேண்டிய குணம், தேவைப்படும் வரை பிடித்திருப்பதும் தேவையான நேரத்தில் விடுவதும். கார்ல்சனுடைய பொறிக்கும் உயிர் அங்கேதான் இருக்கிறது. தகடு பொடியைப் பிடிக்கவும் வேண்டும், தாளுக்கு விட்டுக்கொடுக்கவும் வேண்டும். இன்னுமொன்று. சுற்றை அச்சிடுவது என்ற யோசனைக்கு உரியவராகச் சொல்லப்படும் போல் ஐஸ்லர் என்பவரும் ஒஸ்திரியர்தான். வியன்னாவிலிருந்து லண்டனுக்கு வந்து, 1936 அளவில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு அச்சிட்ட சுற்றில் வானொலி செய்து காட்டியவர். கார்ல்சனின் பொடியும் ஐஸ்லரின் செம்பும் ஏறக்குறைய ஒரே காலத்தில், கடலுக்கு இருபுறமும், வாடகை அறைகளில் பிறந்தவை. எங்கள் வீட்டு அயன் பலகையில் இரண்டும் சந்தித்துக்கொள்வதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது.

அஸ்டோரியாவுக்குப் பின்னர் நடந்தது நீண்ட காத்திருப்பு. கோர்னெய் கொஞ்ச நாளில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். 1942 ஒக்டோபர் 6இல் ஆக்கவுரிமை கைக்கு வந்தது. வாங்கத்தான் ஆளில்லை. 1939 முதல் 1944 வரை இருபதுக்கும் மேற்பட்ட கம்பனிகளின் கதவைத் தட்டினார். ஐபிஎம், கொடாக், ஜெனரல் இலெக்ரிக் எல்லாம் அதில் அடக்கம். மங்கலான ஒரு மெழுகுத் துண்டைப் பார்த்து எவரும் மயங்கவில்லை. காபன் தாள் இருக்கும்போது இது எதற்கு என்பதே பலருடைய எண்ணம்.

இதையெல்லாம் விடாமுயற்சி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. அவருக்கு மல்லொரியில் மாதாமாதம் சம்பளம் வந்தது. ஆக்கவுரிமையை எப்படி எழுதினால் எவரும் அசைக்கமுடியாது என்ற சட்ட அறிவு, வலித்த விரலால் சம்பாதித்தது, கையில் இருந்தது. ஓர் அறை இருந்தது. முயற்சியை விடாமல் வைத்திருக்க இவை எல்லாம் வேண்டும். கந்தகத்தை அடுப்பில் வைத்தது ஒரு மனைவியாக இருந்திருந்தால் எத்தனை நாள் விட்டுவைத்திருப்பார்கள் என்றும் நான் யோசித்ததுண்டு.

1944இல் ஓஹாயோ மாநிலத்தின் பட்டெல் நினைவு நிறுவகத்தைச் சேர்ந்த ஒருவர் வேறு அலுவலாக மல்லொரிக்கு வந்தார். பேச்சோடு பேச்சாகக் கார்ல்சன் தன் யோசனையைச் சொல்ல, அந்த ஆராய்ச்சி நிறுவகம் அதைக் கையிலெடுத்தது. அடுத்த வருடம் எல்சாவுடனான மணவாழ்வு முறிந்தது. 1946இல் டொரிஸ் என்பவரை மணந்தார். பட்டெல்லில் கந்தகத்துக்குப் பதில் செலினியம் வந்தது. ஒளிக்கு அது பன்மடங்கு உணர்ச்சி உள்ளது. கைக்குட்டைக்குப் பதில் உயர் அழுத்த மின்கம்பி வந்தது. வித்திப் பொடிக்குப் பதில் சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் பொடி. தாளுக்குப் பின்னாலும் மின்னேற்றம் கொடுத்துப் பொடியை இழுக்கக் கற்றார்கள். மெழுகு தேவையற்றுப் போனது. இனி எந்தச் சாதாரண தாளும் போதும்.

ரொச்செஸ்டர் நகரில் புகைப்படத் தாள் விற்ற ஹலொயிட் என்ற சின்னக் கம்பனி, ஜோசப் வில்சன் என்ற இளம் தலைவரின் துணிச்சலில், இதற்குப் பணம் போட்டது. உலர்ந்த எழுத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து ஸெரோகிராபி என்ற பெயர் பிறந்தது. அஸ்டோரியா நாளின் பத்தாம் ஆண்டு நிறைவன்று, 1948 ஒக்டோபர் 22இல், டெட்ரொய்ட் நகரில் உலகுக்குக் காட்டினார்கள். 1949இல் விற்பனைக்கு வந்த முதற் பொறிக்கு ஒரு பிரதி எடுக்க 39 படிமுறை! அலுவலகங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அச்சகங்கள் ஒப்செட் அச்சுக்கு மூலத் தகடு செய்ய அதை வாங்கின. பொடியை ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாற்றும் வேலைதான் அந்தக் கம்பனியை அந்த வருடங்களில் தாங்கிப் பிடித்தது என்பது, அயன் பெட்டியோடு மல்லுக்கட்டிய எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1959 செப்டெம்பரில் 914 என்ற பொறி வந்தது. 9 அங்குலத்துக்கு 14 அங்குலத் தாள் வரை எடுக்கும் என்பதால் அந்தப் பெயர். நிறை ஏறக்குறைய 294 கிலோகிராம். தாள் சூட்டில் பற்றிக்கொள்வதும் உண்டு; அதனால் ஒரு தீயணைப்பானையும் சேர்த்தே கொடுத்தார்கள். விலைக்கு வாங்க முடியாதவர்களுக்கு மாதம் 95 டொலர் வாடகைக்கு விட்டார்கள். பொத்தானை அமுக்கினால் பிரதி வந்தது. கம்பனியின் பெயரே 1961இல் ஸெரொக்ஸ் ஆனது.

53 வயதில் கார்ல்சன் பணக்காரரானார். வாழ்க்கையில் இன்னும் என்ன ஆசை என்று டொரிஸ் கேட்டபோது, ஏழையாக மௌத்தாக வேண்டும் என்பதாக அவர் பதில் இருந்ததாம். சொன்னபடியே இறைக்கத் தொடங்கினார். பல்கலைக்கழகங்கள், வைத்தியசாலைகள், கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய அமைப்புகள் என்று 15 கோடி டொலருக்கு மேல் கொடுத்ததாகக் கணக்கிடுகிறார்கள். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்ற விதமாக, பெரும்பாலானவற்றில் தன் பெயரைப் போடவிடவில்லை. அன்று அறையை விட்டுப் போன கோர்னெய்க்கும் 100 பங்குகளை அனுப்பிவைத்தார்.

1968 செப்டெம்பர் 19இல் நியூயோர்க்கில் ஒரு திரையரங்கில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். வயது 62. நாங்கள் சுற்றை அச்செடுக்கும் லேசர் பிரிண்டரை அவர் காணவில்லை. ஸெரொக்ஸ் கம்பனியின் பொறியியலாளர் கரி ஸ்டார்க்வெதர் லேசர்க் கதிரால் உருளையில் நேரே எழுதவைத்து, 1971இல் பாலோ அல்டோவில் அதை இயக்கிக் காட்டினார். உள்ளே நடப்பது இன்றும் அதே வேலை. மின்னேற்று, ஒளி காட்டு, பொடி தூவு, தாளுக்கு மாற்று, சூடாக்கு.